சைபர் போட்ட வீடு

எங்கள் இன்ஜினியருக்கு அலுவலகத்தில் 'மில்லிமீட்டர்' என்று பெயர். வைத்தது நான்தான். ஒரு வரைபடத்தைப் பார்க்க உட்கார்ந்தால் பக்கத்தில் டீ ஆறி ஏடு படிந்திருக்கும், மனிதர் நிமிரமாட்டார். அன்றைக்கும் என் மேசைக்கு வந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒரே இடத்தில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இங்க என்ன ஓட்டை?"

"ஓட்டை இல்ல சார். மேடு."

"சுத்தி நீ அளந்த எல்லா வீட்டுலயும் நாலடிக்கு மேல தண்ணி. நடுவுல இந்த ஒரு வீடு மட்டும் காஞ்சு கிடக்கு. தண்ணி என்ன, வாசல்ல நின்னு பெல் அடிச்சுப் பாத்துட்டு, ஆள் இல்லைன்னு திரும்பிப் போயிடுச்சா?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும் என்பது அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரை தெரியும். "டேட்டா சரியாத்தான் இருக்கு சார்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதற்கு ஒழுங்கான பதிவு எங்கேயும் இல்லை. பழைய கோப்புகளில் 'அதிகம்', 'மிக அதிகம்' என்று இரண்டே அளவுதான் இருந்தது. கணினியில் ஊரின் வரைபடத்தை விரித்து, அதன்மேல் அந்தப் பழைய வெள்ளத்தை வீடு வீடாகத் திரும்ப வரைவதுதான் என் வேலை. உள்ளே போகவேண்டும், கேட்கவேண்டும், அளக்கவேண்டும், வீடு இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்து ஆழத்தை எழுதவேண்டும். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை, அளக்காமல் விட்ட வீடுகளையும் சேர்த்து, மென்பொருளே கணக்குப் போட்டு நிறம் தீட்டிக்கொள்ளும். நாலடிக்கு மேல் என்றால் கருநீலம். அதற்குக் கீழே வெளிர்நீலம். தண்ணீர் வராத இடம் வெள்ளை.

இது சுவரில் மாட்டி அழகு பார்க்கிற படம் இல்லை. அடுத்த தடவை ஆறு பொங்கினால், கருநீல வீடுகளுக்கு யாரும் கூப்பிடாமலேயே முதல் படகு போகும். வெளிர்நீலத்துக்கு அதற்கப்புறம். வெள்ளைக்குப் படகே கிடையாது. திங்கட்கிழமை படத்தை மேலே அனுப்பியாகவேண்டும். அனுப்பிவிட்டால் பத்து வருஷத்துக்கு அதுதான் வேதவாக்கு. அன்று வியாழக்கிழமை.

மூன்று மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கியிருந்தேன். மனிதர்களின் வாயில் வெள்ளம் வளர்கிறது என்று அதில் தெரிந்துகொண்டேன். முழங்காலுக்கு நின்ற தண்ணீர், சொல்லிச் சொல்லி மார்பு வரை ஏறிவிடும். வீட்டை விற்க நினைப்பவர்களுக்கோ அது கணுக்காலைக்கூடத் தொட்டிருக்காது. சுவிட்சுப் பலகைதான் பொய் சொல்லாது. தண்ணீர் புகுந்த வீட்டில் மறுபடி வயர் இழுக்கும்போது, சுவிட்சுகளைத் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். "இங்கெல்லாம் சொட்டுத் தண்ணி வரலைங்க" என்று வீட்டுக்காரர் வாய் கிழியப் பேசிக்கொண்டிருப்பார், சுவிட்சு அவர் தலைக்கு மேலே இருக்கும். நான் பதில் பேசாமல் டேப்பை எடுப்பேன்.

"அது யார் வீடு?" என்றார் மில்லிமீட்டர்.

"எங்க அக்கா வீடு."

"ஓ. அப்ப நல்லாவே அளந்திருப்ப."

நான் மவுஸை உருட்டிப் படத்தை வேறு பக்கம் நகர்த்தினேன். அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அளக்கலையா?"

"அளக்கணுமா சார்? எனக்கே தெரியும். அந்த வீட்டுக்குத் தண்ணி வரல. ஆபீஸ்லயே உக்காந்து சைபர் போட்டுட்டேன்."

"அறுநூத்திப் பன்னண்டு வீடு அளந்தவ, சொந்த அக்கா வீட்டை அளக்கல. அந்த ஒரு சைபர் பக்கத்து வீட்டையெல்லாம் இழுத்துட்டுப் போகுது பாரு. சுத்தி அளக்காம விட்ட ஏழு வீடு வெளிர்நீலமா ஆயிடுச்சு. நாளைக்குப் போய் பாத்துட்டு வா." ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்காவே சொன்னாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். வெள்ளம் வந்த நாளில் நான் ஊரின் மறுகோடியில், தண்ணீர் வராத பக்கத்தில், கல்லூரி விடுதியில் இருந்தேன். மறுநாள் கடைசி வருஷப் பரீட்சை தொடங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளே போன் செய்தாள். பின்னால் அவளுடைய சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"இங்க ஒண்ணுமில்லடி. நம்ம வீடு மேடு. நீ படி."

"பாப்பா ஏன் அழறா?"

"குளிக்க மாட்டேன்னு அடம்."

"தண்ணிச் சத்தம் கேக்குதே?"

"பக்கெட்ல பிடிச்சிட்டு இருக்கேன். வச்சிடறேன், சார்ஜ் இல்ல."

நான் படித்தேன், எழுதினேன், தேறினேன். மூன்று வாரப் பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனபோது வீடு புது வெள்ளையடித்துப் பளபளவென்று இருந்தது. ஹாலில் ஐந்தடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். "இது ஹாலா, குளியலறையா?" என்று கிண்டல் செய்தேன். துடைக்கச் சுலபம் என்றாள். கட்டிலைக் காணோமே என்றால், மூட்டைப்பூச்சி, தூக்கிப்போட்டாச்சு என்றாள். கல்யாண ஆல்பம்? ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருக்கு. நான் முதல் வகுப்பில் தேறியவள். அத்தனையையும் நம்பினேன்.

வியாழக்கிழமை முழுக்க நான் என் அக்காவைச் சந்தேகப்படவில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். செயற்கைக்கோள் எடுத்த தரைமட்டத்தில் பிழை இருக்கும் என்று பார்த்தேன். அந்தத் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சரியாகவே இருந்தன. அக்காவுக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வீட்டு அளவைக் கூட்டிச் சொல்லிக் கதை விட்டிருப்பார் என்று பார்த்தேன். அக்கா வீட்டுக்கு அஸ்திவாரம் உயரமோ என்று யோசித்தேன். அதற்கு வாசலில் பத்துப் படியாவது வேண்டும். இருப்பது மூன்று. இந்தப் புதிர் எனக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தது என்றும் சொல்லவேண்டும். ஒரு பெரிய தெருவே மூழ்கியபோது ஒரு வீடு மட்டும் எப்படித் தப்பியிருக்கும்? ராத்திரி சாப்பிடும்போதும் தட்டில் விரலால் தெரு வரைந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முக்காலியில் பொருத்துகிற லெவல் கருவியையும், அளவுகள் எழுதிய நீளக் கம்பத்தையும் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். முதலில் தையல்காரரிடம்.

"அண்ணா, உங்க வீட்டு அளவைத் திரும்ப ஒருதரம் பாக்கணும்."

அவருக்கு மூக்கு விடைத்தது. "முப்பது வருஷமா அளவெடுக்கறேன் தங்கச்சி. நான் எடுத்த அளவுல ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல." வீட்டு முன்னறையிலேயே இருந்த கடையின் உள்சுவரில் தொங்கிய துணியை விலக்கினார். தையல் சாக்பீஸால் கிழித்த கோடு, அதன்மேல் வார்னிஷ். "தண்ணி நின்னப்பவே கோடு போட்டுட்டேன். நாலு அடி ஒன்பதரை இன்ச்."

டேப்பை வைத்தேன். ஒன்பதரைதான்.

"இப்ப இந்தக் கம்பத்தைக் கொஞ்சம் பிடிங்கண்ணா. ஆடாம."

முதலில் அவர் வீட்டுத் தரையில் கம்பத்தை நிறுத்தினோம். நான் தெருவில் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்து அளவைக் குறித்தேன். பிறகு அவர் தெருவைக் கடந்து அக்கா வீட்டு வாசலில், ஹால் தொடங்கும் இடத்தில் கம்பத்தை நிறுத்தினார். ஒரு கருவி, இரண்டு அளவு, அவ்வளவுதான். இரண்டையும் கழித்தால் எந்தத் தரை எவ்வளவு மேடு என்று தெரிந்துவிடும்.

அக்கா கதவைத் திறந்தாள். "என்னடி இது? இவரு என் வீட்டுக்கு அளவெடுக்கறாரு? ஜாக்கெட் தைக்கப் போறாரா?"

நான் நோட்டில் கழித்துக்கொண்டிருந்தேன். நான்கு இன்ச். அக்கா வீடு எதிர்வீட்டைவிட வெறும் நான்கு இன்ச் உயரம். மறுபடி பார்த்தேன். நான்கேதான். அப்படியானால் இந்த ஹாலில் தண்ணீர் நாலு அடி ஐந்தரை இன்ச் நின்றிருக்கவேண்டும். தண்ணீருக்குச் சொந்தபந்தம் கிடையாது, தெருவின் இந்தப் பக்கம் ஒரு மட்டம் அந்தப் பக்கம் ஒரு மட்டம் என்று நிற்காது.

"அண்ணா, எங்க அக்கா வீட்டுக்குத் தண்ணி வந்துச்சா?"

தையல்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த கம்பத்தைப் பார்த்தார். "அதை நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே தங்கச்சி. என் வீட்டைப் பத்தித்தானே கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகக் கம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நழுவினார். கடையில் ஈ காக்கை இல்லை.

"உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள் அக்கா.

ஹாலில் அக்காவின் கணவர், என் மாமா, படுத்திருந்தார். போன வருஷம் வந்த பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இழுக்கும். அந்தக் கட்டிலிலிருந்து அவரை எழுப்பி உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டும். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. ஃபேன் போடலாம் என்று சுவரோரம் போய், ஆணியில் தொங்கிய குச்சியை எடுத்து, எம்பி, சுவிட்சைத் தட்டினேன்.

தட்டிய கை அப்படியே நின்றது.

குச்சி. இந்த வீட்டில் ஃபேன் போட எனக்கு எப்போதும் குச்சி வேண்டும். நான் குள்ளம் என்று அக்கா கிண்டல் செய்வாள், நான் பதிலுக்கு அவளை ஒட்டகம் என்பேன், அவளும் என்னைவிட இரண்டு விரற்கடைதான் உயரம். ஊரில் இருக்கிற அறுநூறு வீட்டுச் சுவிட்சையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நான், பத்தொன்பது வருஷமாகக் குச்சியால் தட்டிய சுவிட்சை ஒரு நாளும் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த இடத்தில் டைல்ஸ் வழுவழுவென்று இருந்தது.

"அக்கா, இது ஏன் இவ்வளவு மேல இருக்கு?"

"பாப்பா சின்ன வயசுல சுவிட்சுல விரலை விடுவா. அதான்."

"டைல்ஸ்?"

"துடைக்கச் சுலபம்னு எத்தனை தடவைடி சொல்றது?"

கட்டிலிலிருந்து மாமா குரல் இழுத்து இழுத்து வந்தது. "போ...தும். சொல்லி...டு."

அக்கா அவரை முறைத்தாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து, சுவரில் முதுகு ஒட்ட நேராக நின்றாள். அளவெடுக்க நிற்பவள் போல. விரலைக் கழுத்துக் குழிக்கு மேலே வைத்துக் காட்டினாள்.

"இங்க."

என் கை தானாக டேப்பை எடுத்தது. அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு முனையை மிதித்துக்கொண்டு விரல் வரைக்கும் இழுத்தேன். நாலு அடி ஐந்தரை. கணக்கு பிசகாமல் வந்ததில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"மாமா எங்க இருந்தாரு?"

"வேலைக்குப் போன இடத்துல மாட்டிக்கிட்டாரு. மூணாம் நாள்தான் வந்தாரு. நானும் பாப்பாவும் மட்டும்தான். முதல்ல அடுப்புமேடை. அப்புறம் அவளைத் தோள்ல வச்சுக்கிட்டுப் பரணுக்கு ஏறினேன். ரெண்டு ராத்திரி."

"எனக்கு போன் பண்ணது?"

"அடுப்புமேடையில நின்னு."

பக்கெட் தண்ணீர். குளிக்க அடம். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். மாமா படுத்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். பத்தொன்பது வருஷமாக என் காதில் பூ சுற்றியிருக்கிறாய் என்றேன். உன் பேச்சை நம்பி நான் சைபர் போட்டேன், அதனால் நாளைக்கு வெள்ளம் வந்தால் எழுந்திருக்க முடியாத இந்த மனிதருக்குப் படகே வந்திருக்காது, தெரியுமா என்றேன். ஏழு வீட்டுக்காரர்களையும் சேர்த்துப் படகு வரிசையில் கீழே தள்ளியிருக்கிறோம் என்றேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருக்கமாட்டேனா என்றேன்.

"வந்திருப்ப" என்றாள் அக்கா. "அதான் சொல்லல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வந்த அன்னிக்கே நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'தண்ணி வந்து நீ எனக்குச் சொல்லாம இருந்திருந்தா, செத்தாலும் உன்கிட்ட பேசமாட்டேன்'னு ஹால் நடுவுல நின்னு சொன்ன. உன் கோபம் எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் போகட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள நீ ஊரெல்லாம் 'எங்க அக்கா வீடு மேடு'ன்னு பெருமை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

லேப்டாப்பைத் திறந்தேன். விடுதி இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன், அக்கா வீட்டில் ஒரு புள்ளி. அன்றைக்கு இருந்த சாலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தேன். இரண்டு புள்ளிக்கும் நடுவே வழி கேட்டேன். ஒரே ஒரு வழிதான் வந்தது. ரயில் பாதைக்கு அடியில் குனிந்து போகும் சுரங்கப்பாதை. அந்த இடத்தில் நான் போன மாதம் வைத்த புள்ளி ஏற்கெனவே இருந்தது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் சொல்லி, சுவரில் படிந்த கறையை அளந்து, நானே எழுதியது. ஆழம் ஒன்பது அடி. நேரம் மாலை ஐந்தே கால். குறிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். வெளியே வரவில்லை.'

என்னிடமும் அப்போது ஸ்கூட்டர் இருந்தது. போன் வந்தது ஐந்து மணிக்கு.

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இது என்ன, ஒன்பதுன்னு போட்டிருக்கு?"

நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படிப் பிடிப்பாளோ அப்படி. "சுரங்கத்துல தண்ணின்னு மத்தியானமே தெருவுல பேசிக்கிட்டாங்கடி. வேற வழியும் கிடையாது. ஒன்பது அடின்னு எனக்கு எங்க தெரியும்? நீ வரக்கூடாது, அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

மாமா கட்டிலில் இருந்தபடியே இடது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையை முடித்தேன். சைபரை அழித்து நாலு அடி ஐந்தரை என்று எழுதினேன். மென்பொருள் கொஞ்ச நேரம் முக்கி முனகிவிட்டு நிறத்தைத் திரும்பத் தீட்டியது. ஓட்டை மூடிக்கொண்டது. பக்கத்தில் அளக்காமல் விட்ட வீடுகள் ஏழும் கருநீலமாயின. நடுவில் அக்கா வீடும். அத்தனை கருப்பான நீலத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

முதல் படகு போகிற கருநீல வீடுகளுக்கு மட்டும் திரையில் இன்னொரு கட்டம் திறக்கும். படகு கிளம்பும்போது உள்ளே எத்தனை பேர், யாரைத் தூக்கவேண்டும், தண்ணீர் எதுவரைக்கும் என்று விசாரிக்க ஒரு போன் எண். அக்காவின் எண் எனக்கு மனப்பாடம். மளமளவென்று அடித்தேன். பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தேன்.

"அக்கா, அடுத்த தடவை தண்ணி வந்தா, கேக்கறவங்களுக்கு உள்ளது உள்ளபடி சொல்லுவியா?"

அவள் மாமாவுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "யாரு கேப்பா?"

"எங்க ஆபீஸ்லேர்ந்து. நானேகூட கேக்கலாம். படகுல முதல் ஆளா நானே வருவேன்."

அக்கா தலையணையை இன்னொரு தரம் தட்டி வைத்தாள்.

"நீ படகுல இல்லைன்னா சொல்றேன்" என்றாள்.

அவள் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழித்தேன். எழுந்து வாசலுக்குப் போய், "அண்ணா, உங்க போன் நம்பர் சொல்லுங்க" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினேன்.